நகரத் திட்டத்தின் கோடு உங்கள் வளவுக்குள் விழுந்தால்: வன்னியில் என்னென்ன செய்ய வேண்டும்

எங்கள் குடும்பம் பதினான்கு நாட்களைத் தவறவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வட இலங்கையின் வன்னியில், ஏ9 வீதியோரம் எங்களுக்கு ஒரு சின்னக் கடையும், அதற்குப் பின்னால் குளப்பக்கமாக அரை ஏக்கர் வளவும் இருக்கின்றன. பட்டினத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள், புதிய சந்தை வருகிறது, பேருந்து நிலையம் வருகிறது, குளக்கட்டோடு நடைபாதை வருகிறது என்று பேச்சு எழுந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். பிறகு அளக்க வந்தார்கள். "சும்மா அளவுதான் அம்மா, பயப்படாதேங்கோ" என்றார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சில வாரங்களுக்குப் பிறகு மதகடி வேப்பமரத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தோம், ஒருவரும் நின்று வாசிக்கவில்லை. வாசித்த அன்று, ஆட்சேபனை கொடுக்கும் காலம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகாத சந்தையும் ஒழுங்கான கழிப்பறையுள்ள பேருந்து நிலையமும் எங்கள் சனத்துக்குத் தேவை. ஆனால் மூன்று நான்கு முறை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்து, கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய இடம் இது. எடுக்கிறவர்கள் முறைப்படி எடுக்க வேண்டும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க நீங்கள் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

1. இது யாருடைய திட்டம் என்பதை எழுத்தில் எடுங்கள்

நகரத் திட்டம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல கைகள் இருக்கும். வரைபடம் நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம். ஏ9 வீதியின் அகலம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சந்தைக் கடைகள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைக்குச் சொந்தம். பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாயும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். காணி எடுக்கும் வேலை பிரதேச செயலகத்தில் நடக்கும். நாங்கள் முதல் இரண்டு மாதமும் பிழையான கந்தோரில்தான் வரிசையில் நின்றோம்.

இதற்கு நல்ல கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. படிவம் இருக்கிறது, ஆனால் வெள்ளைத்தாளில் கடிதமாக எழுதினாலும் ஏற்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை இவை:

- திட்டத்தின் முழு வரைபடமும், அதில் உங்கள் கிராம அலுவலர் பிரிவில் எடுக்கப்படவுள்ள காணித் துண்டுகளின் பட்டியலும்
- நிதி எங்கிருந்து வருகிறது, மொத்தச் செலவு எவ்வளவு
- சூழல் அறிக்கை செய்யப்பட்டதா. செய்யப்பட்டிருந்தால் அதன் பிரதி
- இடம்பெயர வேண்டியவர்களின் எண்ணிக்கையும் மீள்குடியேற்றத் திட்டமும்
- சந்தைக் கடைக்காரருக்கு மாற்றிடம் பற்றி எடுக்கப்பட்ட தீர்மானத்தின் பிரதி

கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். இதற்கு ஆகும் செலவு தபாலும் போட்டோக்கொப்பியும்தான்.

இதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட, அல்லது வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தகவல் தர வேண்டும். அவசர வேலை என்றால் மட்டும் ஒரு வாரத்துக்கு முன்பு தந்தால் போதும். இந்தப் பிரிவைக் கடிதத்தில் குறிப்பிட்டுக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு வரைபடம் காட்டப்பட்டது.

பதில் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் வாங்கிக்கொண்டு, அன்றே தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி, வடக்கில் நிர்வாக மொழி. விளங்காத கடிதத்துக்குக் கையொப்பம் வைக்காதீர்கள்.

2. ஆவணக் கோவையைத் தயார் செய்யுங்கள்

கடிதம் வந்த பிறகு தேடத் தொடங்கினால் காணாது. வன்னியில் பலரின் ஆவணங்கள் 2009 இல், யுத்தத்தின் கடைசி மாதங்களிலேயே பங்கருக்குள்ளும் கடற்கரையிலும் போய்விட்டன. அதனால் இந்தப் படிக்கு ஆறு மாதம் கூட எடுக்கும். இன்றைக்கே தொடங்குங்கள்.

முதலில் உங்கள் காணி எந்த வகை என்று பாருங்கள்.

*உறுதிக் காணி.* மூல உறுதி இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள், எல்லையில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கும். நாங்கள் அப்படித்தான் பிடித்தோம்.

*பெர்மிட் காணி.* காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ தொலைந்திருந்தால் பிரதேச செயலகக் காணிக் கிளையின் பதிவேட்டில் விபரம் இருக்கும். பெர்மிட் அப்பாவின் பெயரில் இருந்து அவர் இறந்துவிட்டால், பின்னுரித்தாளர் பதிவு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடக்காவிட்டால் முதல் வேலை அதுதான். பேச்சுவார்த்தை மேசையில் பெர்மிட்காரர்களுக்கு வரும் பெரிய அடி இது: காணி அரசினுடையது என்பதால் பேச்சு நிலத்தின் விலையில் நிற்காமல், நீங்கள் அதில் செய்த மேம்பாட்டில் வந்து நிற்கும். வீடு, கிணறு, மதில், தென்னை, பலா, தேக்கு எல்லாவற்றையும் எண்ணிப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

*கடதாசி இல்லாத காணி.* பல வருடமாக இருக்கிறோம், காணிக் கச்சேரியில் (அரச காணி கொடுப்பதற்கான விசாரணையில்) முடிவு வரவில்லை என்பவர்கள் கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், வாக்காளர் இடாப்புப் பிரதிகள், மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்திருந்தால் அதன் ஆவணம் எல்லாவற்றையும் சேருங்கள். உரித்து இல்லாதவர்களையும் கைவிடக்கூடாது என்பதுதான் 2001 இல் அமைச்சரவை ஏற்ற கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கையின் நிலைப்பாடு. அது சட்டம் இல்லை, ஆனால் கடிதத்தில் எடுத்துக் காட்டலாம்.

உரிமையாளர் காணாமல் போனவர் என்றால் மனதுக்கு மிகவும் கனமான விடயம். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாரும் உங்களை நெருக்கக்கூடாது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, காணாமல் போனவர் என்பதை உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழ் எடுக்கலாம். அதை வைத்துக் காணி விடயத்தில் என்ன செய்ய முடியும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் இலவசமாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வளவு அக்கா அந்த வழியாகத்தான் விசாரணைக்குப் போய் நின்றார்.

உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம் தேவை. அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் சான்றுப்படுத்தி, இங்கே பதிவு செய்ய வேண்டும். வந்து சேர எங்களுக்கு இரண்டரை மாதம் பிடித்தது. கனடாவில் இருக்கும் தம்பி 'நான் வட்ஸ்அப்பில் கடிதம் போடுகிறேன்' என்று சொன்னால் நம்பி இருக்காதீர்கள். கந்தோரில் அது செல்லாது.

இவற்றோடு நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், கட்டட அனுமதி, வியாபாரப் பெயர்ப் பதிவு, வியாபார அனுமதிப்பத்திரம் ஆகியவற்றையும் சேருங்கள். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

3. மரத்தில் ஒட்டியதை வாசியுங்கள்

நாட்கள் உங்களுக்குத் தெரியாமலே ஓடத் தொடங்கும். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம்தான் அடிப்படை. எங்கள் சனம் சுவீகரிப்பு என்று சொல்வது இதைத்தான். அறிவித்தலில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும், அந்த எண்ணை முதலில் பாருங்கள்.

2 ஆம் பிரிவு என்றால், இந்தப் பகுதியில் பொது நோக்கத்துக்குக் காணி தேவைப்படுகிறது என்று பொருள். அளக்கவும் குறிக்கல் நாட்டவும் அதிகாரம் கிடைக்கும். காணி இன்னும் போகவில்லை. சும்மா அளவு என்று எங்களுக்குச் சொன்னது இதைத்தான்.

4 ஆம் பிரிவு என்றால் உடனே எழும்புங்கள். இந்தக் காணியை எடுக்க உத்தேசித்துள்ளோம், ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்று கேட்கும் அறிவித்தல் இது. காலம் 14 நாளுக்குக் குறையக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அநேகமாக அந்த 14 நாள்தான் கிடைக்கும். அறிவித்தலில் குறிப்பிட்ட அமைச்சின் செயலாளருக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், பிரதியைப் பிரதேச செயலகத்தில் நேரில் கொடுங்கள். பதிவுத்தபால் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

ஆட்சேபனையில் அழுகையை எழுதாதீர்கள். எங்கள் ஊரில் பலர் யுத்தத்தில் பட்ட பாட்டை நான்கு பக்கம் எழுதினார்கள். அது எல்லாம் உண்மை, ஆனால் அந்தக் கந்தோரில் எடைக்கு வருவது வேறு. அரை கிலோமீற்றருக்குள் வெறும் அரச காணி இருக்கிறது, அதன் படம் இது. இது எங்கள் ஒரே வீடு. வரைபடத்தைப் பதினைந்து அடி கிழக்கே நகர்த்தினால் எட்டு வீடு தப்பும். வன்னியில் அரச காணிக்குப் பஞ்சமில்லை, அதனால் மாற்றுக் காணி என்ற காரணம் இங்கே பலமானது.

5 ஆம் பிரிவில் அமைச்சர் முடிவெடுத்து வர்த்தமானியில் வெளியிடுவார். அதன் பிறகு இது பொது நோக்கம்தானா என்று கந்தோரில் நின்று வாதாட இடமில்லை, நீதிமன்றம்தான்.

7 ஆம் பிரிவு நட்டஈட்டுக்கான அழைப்பு. விசாரணைத் திகதிக்கு ஏழு நாளுக்கு முன்பாவது உங்கள் உரித்து என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை இரண்டு பிரதிகளில் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதும் என்று இருந்தவர்கள் எங்கள் வரிசையில் ஆறு பேர்.

மிகவும் கவனிக்க வேண்டியது 38 ஆம் பிரிவு. அவசரம் என்று காரணம் காட்டினால், 2 ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டி 48 மணித்தியாலம் கழிந்ததுமே காணியைப் பொறுப்பெடுக்கக் கட்டளை போடலாம். பணம் பிறகுதான் வரும். நடைபாதைக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் என்ன அவசரம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்கும் இடம் நீதிமன்றம். அந்தக் கட்டளையைக் கண்டால் அன்றே சட்டத்தரணியிடம் போங்கள்.

வழமையாக வாரத்துக்கு ஒருமுறை கிராம அலுவலர் கந்தோர், பிரதேச செயலகம், சபை ஆகியவற்றின் விளம்பரப் பலகைகளைப் பார்க்க முறை வைத்து ஆட்களை அனுப்புங்கள். நாங்கள் இப்போது செய்கிறோம். உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் இரண்டு பிள்ளைகள் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள்.

4. கூட்டத்தில் கையொப்பம் வைக்கும்போது

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று அழைப்பார்கள். கட்டாயம் போங்கள். வரவுத்தாளில் கையொப்பம் கேட்கும்போது தலைப்பை வாசியுங்கள். தலைப்பு வெறுமையாக இருந்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'வருகைக்கு மட்டும்' என்று எழுதிவிட்டுக் கையொப்பம் வையுங்கள். எங்கள் முதல் கூட்டத்தின் வரவுத்தாள், பின்னர் ஒரு கோவைக்குள் சம்மதம் தெரிவித்தோர் என்ற தலைப்போடு கிடந்தது. யார் அந்தத் தலைப்பைப் போட்டது என்று இன்றுவரை தெரியாது.

கூட்டத்தில் சொல்லும் வாக்குறுதிகளை யாராவது ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். "ஒருவருக்கும் கடை இல்லாமல் போகாது" என்று மேடையில் சொன்னால், மறுநாளே 'நேற்றைய கூட்டத்தில் நீங்கள் இப்படிக் கூறினீர்கள், இதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தாருங்கள்' என்று கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டாலும் உங்கள் கடிதம் கோவையில் இருக்கும்.

தனியாளாகப் போவதைவிடக் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், வர்த்தகர் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று பதிவுள்ள அமைப்பின் கடிதத்தாளில் போவது நல்லது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயத்தை எடுக்கச் சொல்லியும் கேட்கலாம்.

5. குளத்தை மறக்காதீர்கள்

என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். எங்கள் பட்டினங்களில் குளத்தின் அலைகரை, அதாவது குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறும் ஓரம், வெறும் நிலமாகத் தெரியும். சித்திரையில் வந்து பார்க்கிற பொறியியலாளருக்கு அங்கே புல்லும் மாடும்தான் தெரியும். மார்கழியில் வந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்த இடத்தை மண் போட்டு நிரப்பித் தரிப்பிடமும் சிறுவர் பூங்காவும் கட்டினால், குளம் அந்தத் தண்ணீரை வேறு எங்கே வைக்கும்? மேலே உள்ள வளவுகளுக்குள் தள்ளும், அல்லது முன்னதாகவே நிரம்பி வான் பாயும். வான் பாயும் தண்ணீர் கீழே உள்ள வயலுக்கும் வீடுகளுக்கும்தான் போகும். பட்டினத்தின் கழிவு வாய்க்கால்கள் குளத்தில் வந்து விழும் ஊர்களில் இந்த ஆபத்து இரண்டு மடங்கு.

இதைச் சொல்லால் நிறுவ முடியாது. ஆதாரம் சேருங்கள். ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் ஏறிய இடத்தில் அளவுகோலை நிறுத்தித் திகதியோடு படம் எடுங்கள். கலிங்கால் (மிகுதி நீர் வெளியேறும் வழியால்) தண்ணீர் போன நாட்களை எழுதி வையுங்கள். நில அளவைத் திணைக்களத்தில் உங்கள் கிராமத்தின் எஃப்.வி.பி. என்ற கிராம நில அளவைப் படத்தைக் கேட்டு வாங்கினால் குளத்தின் பழைய எல்லை அதில் இருக்கும். அதற்கு மேல் திட்ட வரைபடத்தை வைத்துப் பார்த்தால் எவ்வளவு நிரப்பப் போகிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சிறு குளம் என்றால் கமக்காரர் அமைப்பின் கடிதம் பெறுமதியானது. வயல் நிலத்தை நிரப்புவது என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும், அது எடுக்கப்பட்டதா என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

தேசிய சூழல் சட்டத்தின் கீழ் 1993 ஆம் ஆண்டு வெளியான வர்த்தமானிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புதல், 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக மீள்குடியேற்றுதல், வீடு, தொழில், வர்த்தகம் எல்லாம் சேர்ந்த 10 ஹெக்டயருக்கு மேற்பட்ட கூட்டு அபிவிருத்தி ஆகியவை அதில் உள்ளன. அப்படியான திட்டத்துக்குச் சூழல் அனுமதி தேவை. முழுமையான சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் தர வேண்டும், அறிவித்தல் பத்திரிகையில் வரும். சில இடங்களில் திட்டத்தை மூன்று நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருப்பதாகக் காட்டுவார்கள். மொத்தப் பரப்பைக் கூட்டிப் பார்த்துக் கேளுங்கள்.

6. வாடகைக் கடைக்காரர்களுக்கு

காணி எடுத்தற் சட்டத்தில் 'நலன் உடையவர்' என்ற வரைவிலக்கணத்துக்குள் மாத வாடகைக்கு இருப்பவர் வரமாட்டார். குத்தகைக்காரர் வருவார், மாத வாடகைக்காரர் வரமாட்டார். இருபது வருடமாக ஒரே கடையில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்காவுக்கும் இதே நிலைதான். உங்களிடம் எழுத்திலான குத்தகை இருந்தால் அதைக் கோவையின் முதல் பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் திட்டப் பேச்சு உறுதியாகும் முன்பே உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள்.

சபைக்குச் சொந்தமான சந்தைக் கடை என்றால், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். காலாவதியாகியிருந்தால் வாடகையைக் கட்டி, புதுப்பிக்கும்படி எழுத்தில் கேட்டு, பற்றுச்சீட்டை வையுங்கள். மாற்றுக் கடை தருவோம் என்று சொன்னால் எந்தத் தளம், எத்தனை சதுர அடி, மாத வாடகை எவ்வளவு, முற்பணம் உண்டா, கட்டி முடியும்வரை தற்காலிக இடம் எங்கே, எத்தனை மாதம், இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். மரக்கறி விற்கிறவருக்கு இரண்டாம் மாடியில் கடை கொடுத்தால் அவர் யாருக்கு விற்பார்? மீன், மரக்கறி, பழம் தரைத்தளத்தில் என்பதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் மாற்ற முடியாது.

ஓரத்தில் சாக்கு விரித்து விற்கும் அம்மாமாரையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். அவர்களுக்காக எழுத வேறு ஆள் இல்லை.

7. நட்டஈடு: கணக்கை நீங்களே போடுங்கள்

விலையை மதிப்பிடுவது விலைமதிப்புத் திணைக்களம். அவர்கள் வரும் நாளில் வீட்டில் நில்லுங்கள். கிணற்றின் ஆழம், மலசலகூடக் குழி, மின் இணைப்பு, மதில் நீளம், மரங்களின் வயது எல்லாம் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். அண்மையில் பக்கத்தில் விற்ற காணிகளின் உறுதிப் பிரதிகளைப் பதிவகத்தில் எடுத்து இணையுங்கள். ஆனால் கவனம், எங்கள் ஆட்கள் முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவார்கள். அந்த உறுதிதான் இப்போது உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடை இழப்புக்கும் கேட்கலாம். அதற்குக் குறைந்தது மூன்று வருடக் கணக்கு வேண்டும். கொப்பியில் எழுதிய நாள் கணக்கு, வங்கிப் புத்தகம், மொத்த வியாபாரிகளின் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் சேருங்கள். அறிவித்தல் வந்த பிறகு விலை ஏறட்டும் என்று அவசரமாக அறை கட்டாதீர்கள். அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், போட்ட காசும் வீண்.

தீர்ப்புத் தொகை குறைவு என்றால், அறிவித்தல் கிடைத்து 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். இதையும் நாட்காட்டியில் சிவப்பால் குறியுங்கள்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். நாங்கள் பதினொரு குடும்பம் சேர்ந்து ஆளுக்கு 3,000 ரூபா போட்டோம். தனியார் நில அளவையாளர், பதிவகப் பிரதிகள், தபால், பயணம் எல்லாம் அதற்குள் அடங்கின. தனித்தனியாகச் செய்திருந்தால் நில அளவையாளருக்கே அவ்வளவும் போயிருக்கும்.

இந்த நேரத்தில் தரகர்கள் வருவார்கள். "அரசாங்கம் ஒன்றும் தராது, நான் இப்போதே காசு தருகிறேன்" என்பார்கள். அவருக்கு வரைபடம் முன்பே தெரியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

8. வெளியேறல் அறிவித்தல் வந்தால்

இது அரச காணியில் இருப்பவர்களுக்கு. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் குறைந்தது 30 நாள் தந்து வெளியேறச் சொல்லலாம். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: செல்லுபடியான பெர்மிட் அல்லது அரசின் எழுத்திலான அனுமதி. எத்தனை வருடம் இருந்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதை அங்கே கேட்கமாட்டார்கள். ஆகவே அந்த 30 நாளுக்குள்தான் ஓட வேண்டும். அறிவித்தலைக் கிழித்தெறிந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

9. மேலே போவது

அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கொழும்பு, செலவு என்று தயங்கி நிற்கும்போதே அந்த மாதம் போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. முறைப்பாட்டு இலக்கத்தோடு நிற்காமல், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்குக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். வெறும் இலக்கம் போதாது என்று எங்கள் சட்டத்தரணி திருப்பி அனுப்பினார்.

வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். போகும்போது கிராம அலுவலரின் வருமானக் கடிதம் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

10. கையளிக்கும் நாள்

எல்லாம் முடிந்து காணியின் ஒரு துண்டு போகிறது என்றால், அன்று காலையிலேயே எல்லாப் பக்கத்தாலும் படம் எடுங்கள். மின்மானி வாசிப்பைக் குறித்து, கணக்கை மூடச் சொல்லி மின்சாரக் கந்தோருக்கு எழுதுங்கள். கதவு, ஓடு, மரம் எவற்றை நீங்கள் கழற்றிக்கொண்டு போகலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். பொறுப்பெடுக்கும் அலுவலரின் கையொப்பமுள்ள பிரதி ஒன்றை வாங்காமல் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

பிறகு மிச்சத் துண்டுக்குப் புதிய நில அளவைப் படம் எடுத்து, சபையில் சோலைவரியைத் திருத்தச் சொல்லுங்கள். நாங்கள் அதை விட்டுவிட்டோம். வீதியாகிப்போன பன்னிரண்டு பேர்ச்சுக்கும் சேர்த்து இரண்டு காலாண்டு வரி கட்டிவிட்டுத்தான் அம்மா கவனித்தார். மீள எடுக்கக் கடிதம் கொடுத்திருக்கிறோம், திகதி முத்திரையோடு பிரதி எங்களிடம் இருக்கிறது.